கடற்கரைக்குப் போகும் வழியில்

பல்கலைக்கழகங்களில் பருவத்துக்கு ஒரு முறை தவறாமல் நடக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு பருவம் மட்டும் படிக்க வந்திருக்கும் பரிமாற்று மாணவர்களை உள்ளூர் மாணவர்கள் ஒரு நாள் கடற்கரைக்கு அழைத்துச் செல்வார்கள். காலையில் விடுதி வாசலில் பேருந்து வந்து நிற்கும். ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கைமாறும். நெடுஞ்சாலையில் ஏறியதும் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். கடற்கரையில் குளியல், விளையாட்டு, பதாகையை விரித்துப் பிடித்துக் குழுப்படம். மாலையில் கருவாடும் கடலைமிட்டாயும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அடுத்த வாரம் மாணவர் விவகாரப் பிரிவுக்கு அறிக்கை போகும். 'பண்பாட்டுச் சுற்றுலா இனிதே நடைபெற்றது' என்று அதில் எழுதியிருக்கும்.

இனிதே நடைபெற்றது என்பதில் ஐயமில்லை. அதில் பண்பாடு எங்கே இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பரிமாற்றுத் திட்டங்கள் இன்று எங்கும் பெருகிவிட்டன. ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் 1987-இல் தொடங்கியது. நம் வட்டாரத்தில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் 2010-இல் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கின. அதுவே பின்னர் 'எய்ம்ஸ்' என்ற ஆசியான் மாணவர் பரிமாற்றுத் திட்டமாக வளர்ந்து, ஜப்பான் போன்ற நாடுகளையும் சேர்த்துக்கொண்டது. இவை தவிர, பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்வழியும் மாணவர்கள் வருகிறார்கள், நம்மவர்கள் போகிறார்கள்.

அப்படி வரும் மாணவர் நம்மோடு இருப்பது ஏறத்தாழ நான்கு மாதங்கள். அந்த நான்கு மாதங்களில் விரிவுரை மண்டபத்துக்கு வெளியே அவர் நம் நாட்டைப் பார்க்கும் நாள்கள் மிகச் சில. ஊருக்குத் திரும்பியபின், "மலேசியாவில் தமிழர்கள் இருக்கிறார்களாமே, அவர்கள் யார்?" என்று அவரை ஒருவர் கேட்டால் என்ன சொல்வார்? பத்துமலைப் படிகள், வாழையிலைச் சாப்பாடு, தீபாவளிக் கோலம் என்பார். இவை பொய்யல்ல, ஆனால் முழுக் கதையும் அல்ல. முழுக் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த நாம்தான்.

என் கருத்து இதுதான்: கடற்கரைக்குப் போகட்டும், குளிக்கட்டும், படம் பிடிக்கட்டும். ஆனால் பேராக் மாநிலத்தில் கடற்கரைக்குப் போகும் வழியே ஒரு வரலாற்று நூல். அந்த வழியில் பேருந்து நிற்க வேண்டிய இடங்களில் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் எழுந்து பேச நம் தமிழ் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லூமுட்டும் பங்கோரும்

பேராக்கில் 'கடற்கரை' என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர்கள் லூமுட், தெலுக் பாத்தேக், பங்கோர் தீவு. இந்த இடங்களை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. விருந்தினர் மனம் மகிழ்வதும் ஒரு நல்ல நோக்கமே. ஆனால் அங்குகூட நாம் தாண்டிச் செல்பவை பல.

1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோருக்கு அருகே 'புளூட்டோ' என்ற கப்பலில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் வழியாகத்தான் பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் நுழைந்தார். மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷ் ஆட்சி வேர்விட்ட நாள் அதுவே. தோட்டங்கள், இரயில் பாதைகள், அவற்றுக்கு ஆள் திரட்டல் என நம் முன்னோரை இங்குக் கொண்டுவந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கையெழுத்து ஒரு தொடக்கம். அதே உடன்படிக்கையால் பங்கோரும் லூமுட் பகுதியும் டிண்டிங்ஸ் என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டு, 1935-இல்தான் பேராக்கிடம் திரும்பி வந்தன. தீவின் தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் 1670-இல் ஈயத்துக்காகக் கட்டிய கோட்டையின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கடலைப் பார்த்தபடி நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலில் மாசிமகத்தன்று பக்தர்கள் பெருந்திரளாகக் கூடுகிறார்கள். இவ்வளவும் இருக்கும் தீவுக்குப் போய், வாழைப்பழ வடிவ ரப்பர் படகில் ஏறி இறங்கியதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு திரும்புவது வீண் அல்லவா?

எனினும், பரிமாற்று மாணவர்களை ஒரே ஒரு நாள்தான் அழைத்துச் செல்ல முடியும் என்றால் நான் பரிந்துரைக்கும் ஊர் வேறு. தைப்பிங்கிற்கு அப்பால், அலையாத்திக் காடுகளின் ஓரத்தில், ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கும் கோலா செப்பெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். அங்கே வெண்மணல் இல்லை, குளிக்கவும் முடியாது. ஆனால் மலாயாவின் முதல் இரயில் ஓடிய ஊர் அது.

ஈப்போவிலிருந்து பழைய சாலையில்

ஈப்போவிலிருந்து வடக்கே போக வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை இருக்கிறது, விரைவாகவும் போகலாம். அந்தச் சாலையில் போனால் ஒன்றும் தெரியாது. செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் வழியாகப் போகும் பழைய சாலையில் போக வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாகட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தானே பண்பாட்டுச் சுற்றுலா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் 1948 ஜூன் 16-ஆம் நாள் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னரே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. தென்கிழக்காசிய வரலாறு படிக்க வந்த எந்த மாணவருக்கும் 'மலாயா அவசரகாலம்' பாடத்தில் வரும். அது தொடங்கிய மண்ணை அவர் பேருந்துச் சன்னல் வழியே கடந்து போகிறார். யாராவது ஒருவர் எழுந்து, "இதுதான் அந்த ஊர்" என்று சொன்னால் போதும், தூங்கிக்கொண்டிருப்பவர்களும் விழித்துக்கொள்வார்கள்.

அதே சுங்கை சிப்புட்தான் துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். ஐம்பதுகளின் இறுதியில் தோட்ட முதலாளிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, பால்வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். அந்த நிலையில், தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கும் வகையில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வணிகவியலும் பொருளியலும் படிக்கும் பரிமாற்று மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த உள்ளூர்ப் பாடம் வேறு எது?

கோலகங்சாரில் ஒரு கித்தா மரம் நிற்கிறது. பிரேசிலின் விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கை, சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பதை 1877-இல் ஹியூ லோ இங்கு நட்டார். அவற்றில் எஞ்சிய மரம் வேலி கட்டிப் பாதுகாக்கப்படுகிறது. அந்த மரத்தின் முன்னால் நின்று ஒரு தமிழ் மாணவர் சொல்லக்கூடியது சுற்றுலாப் பலகையில் இருக்காது. "இந்த மரத்தின் வம்சம்தான் என் பாட்டியை விடியற்காலையில் எழுப்பியது. பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு அவர் நிரைக்குப் போனார்" என்று நம்மில் பலர் சொல்லலாம். உலகமெங்கும் ஓடிய மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்குப் பின்னால் அந்த நெற்றி விளக்கு இருந்தது.

ஒரு பலகை, நான்கு எழுத்து

சென்ற ஆண்டு நான் சேர்ந்து போன குழுவில் பன்னிருவர் இருந்தோம். ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, தமிழ்நாடு ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களும் உள்ளூரைச் சேர்ந்த நாங்களும். கோலா செப்பெத்தாங்கில் பழைய இரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை இன்றும் இருக்கிறது. தண்டவாளம் இல்லை, இரயில் இல்லை, கடைகளுக்கு நடுவே பலகை மட்டும் நிற்கிறது. அதில் போர்ட் வெல்ட் என்ற பெயர் நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது: ரோமன், ஜாவி, சீனம், தமிழ்.

ஜாவியை மலாய் நண்பர் படித்தார். சீன எழுத்துகளை உள்ளூர்ச் சீனத் தோழி படித்தார். ஜப்பானிய மாணவியும் அவற்றை அடையாளம் கண்டு தம் மொழியில் உச்சரித்துக் காட்டினார். தமிழை நாங்கள் படித்தோம். ஒரே பலகையை முழுவதும் படித்து முடிக்க இத்தனை பேர் வேண்டியிருந்தது. இந்த நாட்டைப் பற்றி நூறு விளக்கவுரை சொல்வதும் ஒன்று, அந்தப் பலகையைச் சேர்ந்து படிப்பதும் ஒன்று.

அப்போது இந்தோனேசிய மாணவர் ஒருவர் கேட்டார்: "இது மலாய் மீனவர், சீன மீனவர் ஊர் மாதிரி இருக்கிறது. இங்கே தமிழ் எதற்கு?"

நல்ல கேள்வி. விடை இதுதான். தைப்பிங் வட்டாரத்தில் தோண்டிய ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுசெல்ல ஒரு பாதை தேவைப்பட்டது. 1885 ஜூன் 1-ஆம் நாள் தைப்பிங்கையும் போர்ட் வெல்ட்டையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்தில் மலாயாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் தொழிலாளர் படையைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பின் இரயில்வே என்றாலே தமிழர் என்றாகிவிட்டது. பாதை போட்டவரும் பழுது பார்த்தவரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர். நிலையத்தில் அமர்ந்து கணக்கு எழுதியவரும் பச்சைக்கொடி காட்டியவரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழர். பயணச்சீட்டு வாங்கியவர்களிலும் தமிழர் இருந்தனர். தமிழ் அந்தப் பலகையில் ஏறியது யாரும் இரங்கிக் கொடுத்த சலுகையால் அல்ல. அதைப் படிக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள்.

இங்கே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் வேலை செய்த தமிழரும் நிலையத்து நாற்காலியில் அமர்ந்த தமிழரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவர்கள் அல்லர். தோட்டத்திலும் அப்படித்தான்: கிராணிக்கு ஒரு வீடு, கங்காணிக்கு ஒரு வீடு, பால்வெட்டுக்காரருக்கு லயம். விருந்தினர் முன் நம்மை ஒரே குடும்பமாகக் காட்டிக்கொள்ள ஆசை வரும். ஆனால் உண்மையைச் சொல்பவரைத்தான் விருந்தினர் நம்புவார்.

போர்ட் வெல்ட்டுக்கு வடக்கே கிரியான் மாவட்டம். அங்குள்ள கோலா குலாவிற்கு இப்போது பறவை பார்க்கப் போகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் உழைத்தார்கள். சஞ்சிக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் எடுப்பது 1938 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டு இந்திய அரசு தடை விதித்தது. பினாங்கில் இறங்கியவர்களை ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடுப்பு முகாமில் வைத்திருந்து, பின்னர் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் இங்குமாகப் போய் வந்தது. அதில் வந்திறங்கியவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடல் என்றால் நமக்கு நினைவுக்கு வர வேண்டியது இதுவும்தான்.

நம் மேடைகளில் கடல் என்றதும் கடாரம் வரும். 1025-இல் இராசேந்திரன் படையெடுத்து வந்ததைச் சொல்லாத தமிழ்ப் பேச்சாளர் அரிது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கடாரத்துக்கு வந்தது ஓர் அரசனின் படை. போர்ட் வெல்ட்டுக்கும் கிரியானுக்கும் வந்தவர்கள் நம் முப்பாட்டன்மார். அரசனின் கப்பலைப் பற்றி ஆயிரம் முறை பேசிய நாம், சொந்தத் தாத்தா வந்த கப்பலின் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். யானை மேல் ஏறியவனை அண்ணாந்து பார்த்து, யானைக்குத் தழை வெட்டியவனை மறந்த கதை இது.

நம் கதை மட்டுமல்ல

தமிழ் மாணவர் வழிகாட்டியாக நின்றால், 'எல்லாம் எங்களுடையது' என்று பேசிவிடுவாரோ என்று சிலர் அஞ்சலாம். கோலா செப்பெத்தாங் அதற்கு இடம் கொடுக்காது. ஊருக்குப் போகும் வழியில் மத்தாங்கில் ஙா இப்ராஹிமின் கோட்டை இருக்கிறது. லாருட் வட்டாரத்தின் ஈயச் செல்வத்தை ஆண்ட மலாய்த் தலைவர் அவர். முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட வழக்கு அந்தக் கோட்டையில்தான் விசாரிக்கப்பட்டது. 1913-இல் அங்கு மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அது 1922-இல் தஞ்சோங் மாலிமில் எழுந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியோடு இணைந்தது. அந்தக் கல்லூரியே இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். அங்குத் தமிழ் படித்து ஆசிரியராகப் போகும் நம் மாணவர்களின் கல்வி வழிமுறையில் மத்தாங் கோட்டைக்கும் ஓர் இடம் உண்டு.

ஊரில் கரிச்சூளைகள் இருக்கின்றன. மத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 எக்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பகுதி பகுதியாக வெட்டி, மீண்டும் நட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு ஒரு முறை சுற்று வரும்படி அந்தக் காட்டை நிர்வகித்து வருகிறார்கள். கவிழ்த்த கிண்ணம் போன்ற செங்கல் சூளைகளில் பாக்காவ் மரத்தை வாரக்கணக்கில் மெல்ல வேகவைத்துக் கரியாக்குகிறார்கள். அதில் ஒரு பகுதி ஜப்பானுக்கும் போகிறது. எங்களோடு வந்த ஜப்பானிய மாணவி அதைக் கேட்டுவிட்டுச் சூளையின் வாயருகே நெடுநேரம் நின்றார். தம் ஊரில் மீன் சுடும் கடையில் எரியும் கரி எங்கிருந்து வருகிறது என்று அதற்குமுன் அவர் நினைத்துப் பார்த்ததில்லையாம். நமக்குக் கித்தா எப்படியோ, அவருக்கு அன்று கரி அப்படி ஆனது.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த மாணவருக்கு வேறொரு வியப்பு. மீ ஊடாங் கடையில், "காலையில் பசியாறினீங்களா?" என்று நாங்கள் கேட்டதை அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். காலை உணவுக்கு 'பசியாறுதல்' என்ற இவ்வளவு அழகான சொல்லை ஏன் தாங்கள் அன்றாடம் வழங்குவதில்லை என்றார். பிறகு கித்தா, தவுக்கே, சடக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கித்தா மலாயிலிருந்து வந்தது. தவுக்கே சீனரிடமிருந்து வந்தது. நம் வீட்டுத் தமிழ் இந்த மண்ணில் யார் யாரோடு வாழ்ந்தது என்பதற்குச் சொற்களே சாட்சி. 'தூய தமிழ்' பேசத் தெரியவில்லை என்று கூசுகிற நம் மாணவர்கள், அந்தச் சொற்களைக் கொண்டே ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம்.

இரண்டு மறுப்புகள்

இப்படிச் சொன்னால் இரண்டு மறுப்புகள் எழும். நண்பர்களிடம் இதைப் பேசியபோது நானே கேட்டவை அவை.

ஒன்று: "பாவம், அவர்கள் மகிழ வந்தவர்கள். கூலி, கங்காணி, லயம் என்று சோகக் கதை சொல்லி அவர்கள் நாளைக் கெடுக்காதே." விருந்தினருக்கு அழுகையைப் பரிமாறக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது வெறும் சோகக் கதை என்று யார் சொன்னது? ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் பள்ளி கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், தொழிற்சங்கம் அமைத்தார்கள், தோட்டமே வாங்கினார்கள். பேராக்கில் இன்று 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றின் பெயரில் இன்னும் 'லாடாங்' இருக்கிறது. சுற்றிலும் தோட்டம்தான் இல்லை. பத்து காஜாவில் கெல்லி மாளிகைக்கு அழைத்துப் போய்ப் பேய்க்கதை சொல்கிறோமே, அதைக் கேட்டு யாரும் நாள் கெட்டதாகச் சொல்வதில்லை. அந்த மாளிகையைக் கட்ட உழைத்த தமிழரைப் பற்றியும், அருகிலிருக்கும் மாரியம்மன் கோயில் கூரையில் வெள்ளைக்காரத் துரையின் உருவம் நிற்பதைப் பற்றியும் சொன்னால் பேயைவிடச் சுவையாகவே இருக்கும்.

இரண்டு: "நமக்கே தெரியாததை மற்றவருக்கு எப்படிச் சொல்வது?" இதுதான் நேர்மையான மறுப்பு. தோட்டத்தில் பிறந்த தலைமுறை நம் பாட்டி தாத்தாவோடு, மிஞ்சினால் பெற்றோரோடு முடிகிறது. நம்மில் பெரும்பாலோர் வீடமைப்புத் திட்டங்களில், அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்தவர்கள். இரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையும் போய் வீடுகளும் தொழிற்பேட்டைகளும் வந்த இடங்கள் பல. பெரட்டுக்களம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் காட்டத் தெரியாது. ஆனால் தெரியாது என்பது பேசாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. கேட்டுத் தெரிந்துகொள்வதற்குக் காரணம். கேட்க வேண்டியவர்கள் இன்னும் நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். பரிமாற்று மாணவர் கேட்கும் ஒரு கேள்வி, பேரனை அந்தப் பாட்டியின் பக்கத்தில் போய் உட்காரவைக்கும் என்றால், விருந்தினரால் நமக்குக் கிடைத்த பெரிய நன்மை அதுவே.

இன்று கடல் கடந்து வருபவர்

இந்தப் பயணத்தின் மிக முக்கியமான நிறுத்தம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை. பழைய சாலையின் இருபுறமும் இன்று நிற்கும் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் யார்? இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள், நேப்பாளிகள். நம் தாத்தா தூங்கிய லயத்தின் இடத்தில், அல்லது அதே மாதிரிக் கூரையின் கீழ், இன்று அவர்கள் தூங்குகிறார்கள். அவர்களும் முகவரிடம் கடன்பட்டு வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள்.

எங்களோடு வந்த இந்தோனேசிய மாணவர் இதைக் கவனித்தார். நம் மூதாதையர் கதையைக் கேட்டு முடித்தபின் அவர் மெல்லச் சொன்னார்: "என் கிராமத்தில் பாதிப்பேர் இப்படித்தான் மலேசியாவுக்கு வந்தார்கள்." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நம்மவர்கள் அந்தத் தொழிலாளர்களை எப்படி அழைக்கிறோம்? 'பங்ளா' என்கிறோம். கடையில் வரிசையில் நின்றால் விலகி நிற்கிறோம். ஒரு காலத்தில் நம்மை ஒரே சொல்லில் அடக்கி இழிவாக அழைத்தார்கள் என்று இன்றும் மனம் கொதிக்கிற நாம், இன்னொருவருக்கு அதே மாதிரிச் சொல்லைச் சூட்டத் தயங்குவதில்லை. வரலாறு தெரியாததால் வரும் நட்டம் இதுதான். பழம்பெருமை பேச முடியாமல் போவது சிறிய நட்டம். நம் தாத்தாவைப் போன்ற ஒருவர் நம் எதிரே வந்து நிற்கும்போது அவரை அடையாளம் காண முடியாமல் போவது பெரிய நட்டம். பரிமாற்று மாணவரும் கடல் கடந்து வந்தவர். தோட்டத்துத் தொழிலாளியும் கடல் கடந்து வந்தவர். ஒருவருக்கு மாலை போட்டு வரவேற்கிறோம். இன்னொருவரை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. இரண்டு பேரையும் ஒரே நாளில் பார்க்க வைக்கும் சாலை அது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். தமிழ்மொழிக் கழகமும் அனைத்துலக மாணவர் பிரிவும் சேர்ந்து அமர்ந்தால் ஒரு மாலையில் திட்டம் போட்டுவிடலாம்.

முதலாவது, நான்கு பக்க வழித்துணை ஏடு ஒன்றைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கழகம் தயாரிக்க வேண்டும். சுங்கை சிப்புட், கோலகங்சார், மத்தாங், கோலா செப்பெத்தாங் என்று நான்கு நிறுத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஆண்டுகளும் பெயர்களும் பிழையின்றி இருக்க வேண்டும். தெரியாததை அலங்காரம் செய்து எழுதக்கூடாது. மலாய், சீன மாணவர் சங்கங்களும் தத்தம் பகுதியை எழுதிச் சேர்த்தால் இன்னும் சிறப்பு. நான்கு எழுத்துப் பலகைக்குப் பொருத்தமான ஏடு அப்படித்தான் இருக்க முடியும்.

இரண்டாவது, பயணத்துக்கு முன் ஒவ்வொரு தமிழ் மாணவரும் தம் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வர வேண்டும். எந்தத் தோட்டம்? எந்தக் கப்பல் அல்லது எந்த ஆண்டு? தோட்டத்தை விட்டு ஏன் வெளியேறினீர்கள்? பேருந்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் அதைச் சொன்னால் போதும். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட வேறு பயணங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, வழியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முன்கூட்டியே அனுமதி பெற்று அரை மணி நேரம் நிற்க வேண்டும். பரிமாற்று மாணவர்கள் பிள்ளைகளுக்குத் தம் மொழியில் எண்ணக் கற்றுத்தரட்டும். பிள்ளைகள் அவர்களின் பெயரைத் தமிழில் எழுதித் தரட்டும். 'லாடாங்' என்ற பெயர் தாங்கிய சிறிய பள்ளிக்கு ஒரு ஜப்பானிய அக்காளும் தாய்லாந்து அண்ணனும் வந்து போவது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய நாள் என்பதை நம்மில் அத்தகைய பள்ளியில் படித்தவர்கள் அறிவார்கள்.

நான்காவது, திரும்பி வந்தபின் ஒவ்வொரு விருந்தினரும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அவற்றை மொழிபெயர்த்து இந்த ஆண்டு மலரிலேயே வெளியிடலாம். பிறர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்பதை ஆண்டுதோறும் படித்தால், அடுத்த குழுவுக்கு நாம் இன்னும் தெளிவாகப் பேசுவோம்.

நம் கழகத்தின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மண்டபத்துக்குள் நடக்கின்றன. பட்டிமன்றமும் கவியரங்கமும் வேண்டியவைதாம். ஆனால் அவற்றைக் கேட்பவர்களும் நாமே, கைதட்டுபவர்களும் நாமே. தமிழ் தெரியாத ஒருவருக்குத் தமிழரைப் பற்றிச் சொல்லும்போதுதான் நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது விளங்கும். அத்தகைய கேட்பவர்கள் ஒவ்வொரு பருவமும் தாமாகவே நம் விடுதிக்கு வந்து சேர்கிறார்கள். பேருந்துக்கான பணத்தையும் பல்கலைக்கழகமே பெரும்பாலும் கொடுத்துவிடுகிறது.

ஆகவே, அடுத்த பருவத்துப் பயணக் குழுவில் இருக்கப்போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓட்டுநரிடம் நெடுஞ்சாலை வேண்டாம், பழைய சாலையில் போங்கள் அண்ணே என்று சொல்லுங்கள். கோலா செப்பெத்தாங்கில் மீ ஊடாங் சாப்பிடுவதற்கு முன் அந்தப் பலகையின் எதிரே எல்லாரையும் நிறுத்துங்கள். படம் பிடிப்பதற்கு முன், அதிலுள்ள தமிழ் வரியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். "இங்கே தமிழ் எதற்கு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான விடையை ஊரிலிருந்து புறப்படும்போதே கையில் வைத்திருங்கள்.